ரெண்டே முக்காலுக்கு முழிப்பு: யாராவது இதிலிருந்து மீண்டிருக்கீங்களா?

#1 | கரூர்க்கணக்கன் | ஆகஸ்ட் 11, அதிகாலை 3:22

பதிவு போட்ட நேரத்தைப் பார்த்தாலே விஷயம் புரிஞ்சிருக்கும்.

வயசு 46. ஜவுளி கம்பெனியில கணக்கு வேலை. சித்திரையில அப்பா தவறிட்டார். அந்தப் பத்துப் பதினஞ்சு நாள் யாருமே சரியாத் தூங்கலை, அது எதிர்பார்த்ததுதான். ஆனா வீட்ல எல்லாரும் பழையபடி ஆயிட்டாங்க, நான் மட்டும் இல்லை. தினமும் ரெண்டே முக்காலுக்கு அலாரம் வச்ச மாதிரி கண் திறந்துக்குது. அப்புறம் புரளல், போன், வாடகை பாக்கி வரைக்கும் எல்லாக் கவலையும் வரிசையா வந்து நிக்கும். அஞ்சு மணி வாக்குல அசந்து போவேன். ஆறரைக்கு வீட்ல எழுப்பறப்ப தலை பாறாங்கல்லா இருக்கும்.

செஞ்சு பார்த்ததெல்லாம் சொல்லிடறேன். விட்ட தூக்கத்தைப் பிடிக்கலாம்னு ராத்திரி 9 மணிக்கே படுத்துடறேன். ஞாயித்துக்கிழமை 10 மணி வரைக்கும் எழுந்திரிக்கறதில்லை. மழைச்சத்தம் போடற ஆப். பால்ல ஜாதிக்காய். ஆபீஸ்ல ஒருத்தர் கொடுத்த பாதி மாத்திரை, ரெண்டு நாள் அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கினேன், மூணாம் நாள் பயந்துபோய் விட்டுட்டேன். கையில கட்டற வாட்ச் 'ஆழ்ந்த தூக்கம் 38 நிமிடம்'னு காட்டுது. அதைப் பார்த்ததுல இருந்து 38 நிமிஷத்தை நினைச்சே தூக்கம் போகுது.

எட்டு மணி நேரம் தூங்கலேன்னா மாரடைப்பு, மறதி நோய்னு வாட்ஸப்ல தினம் ஒண்ணு வருது. உண்மையா?

#2 | மொட்டைமாடி | ஆகஸ்ட் 11, காலை 7:05

ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல போடாதீங்க அண்ணா. எங்க பெரியம்மா ஒரு முழுக்காயை அரைச்சுக் குடிச்சுட்டு நெஞ்சு படபடன்னு அடிச்சு, கண்ணுக்கு ஏதேதோ தெரிஞ்சு, ஆஸ்பத்திரில கொண்டு போய் வச்சோம். இயற்கைதானேன்னு சொல்லிட்டே செஞ்சாங்க.

#3 | ஓஎம்ஆர்_ஆந்தை | ஆகஸ்ட் 11, காலை 7:40

ரெண்டே முக்காலுக்கு எனக்கு டிபன் பிரேக். அமெரிக்க ஷிப்ட். நீங்க முழிச்சுப் புலம்பற நேரத்துல நான் கண்ணைத் திறந்து வச்சிருக்கறதுக்குச் சம்பளம் வாங்கறேன். கேண்டீன் பக்கம் வாங்க சார், ரவா தோசை நல்லாருக்கும்.

#4 | வயர்_ஒட்டுபவன் | ஆகஸ்ட் 11, இரவு 8:15

கோயமுத்தூர்ல ஒரு ஸ்லீப் லேப்ல டெக்னீஷியனா ஒன்பது வருஷமா இருக்கேன். டாக்டர் இல்லை, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா மத்தவங்க தூங்கறதைப் பார்க்கறதுதான் என் பிழைப்பு.

கணக்கன் சார், சில கேள்வி. கடைசி காபி எத்தனை மணிக்கு? குறட்டை உண்டா? (உங்களைக் கேட்கலை, வீட்ல கேட்டுச் சொல்லுங்க.) ராத்திரி எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறீங்க? பகல்ல உட்கார்ந்த இடத்துல கண் சொக்குதா, இல்லை உடம்பு அசதியா இருந்தும் தூக்கம் வராம இருக்கா? இது ரெண்டும் வேற வேற. கடைசியா ஒண்ணு, முன்னாடி ஆசையா செஞ்ச காரியம் எதுலயாவது இப்ப மனசு ஒட்டாம இருக்கா? விடியக்காலை முழிப்பு மனச்சோர்வோட அடையாளமாவும் வரும். அப்பா தவறின வருஷம் வேற. அதனால கேட்கறேன்.

#5 | கரூர்க்கணக்கன் | ஆகஸ்ட் 11, இரவு 9:02

காபி சாயங்காலம் அஞ்சரைக்கு, பில்டர், டிகாஷன் தூக்கலா. குறட்டை மல்லாந்து படுத்தா மட்டும் லேசா, மூச்சு நிக்கறதெல்லாம் இல்லைன்னு வீட்ல சொல்றாங்க. ஒண்ணுக்கு ஒரு தடவை, அதுவும் முழிச்சதால போறது. பகல்ல கண் சொக்காது, ஆனா எரிச்சல், எக்ஸெல்ல வரிசை மாத்திப் போடறேன். மனசு... அப்பா நினைப்பு வரும். ஆனா செஸ் ஆடறேன், பேரவைத் தேர்தல் பத்திச் சண்டை போடறேன், சாப்பாடு இறங்குது. நீங்க சொல்ற மாதிரி இல்லைன்னு நினைக்கிறேன்.

#6 | வயர்_ஒட்டுபவன் | ஆகஸ்ட் 11, இரவு 11:48

நல்லது. நீங்க கணக்கு எழுதறவர், உங்க வரவு செலவை நீங்களே கூட்டிப் பாருங்க. 9 மணிக்குப் படுத்து ஒரு 9.20க்குத் தூங்கறீங்கன்னு வச்சுக்குவோம். 2.45 வரைக்கும் 5 மணி 25 நிமிஷம். அப்புறம் 5 முதல் 6.30 வரை ஒன்றரை மணி. மொத்தம் 6 மணி 55 நிமிஷம்.

தூக்கம் போகுதுன்னு எழுதியிருக்கீங்க. ஏழு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம்தான் குறையுது!

குறை தூக்கத்துல இல்லை, படுக்கையில இருக்கற நேரத்துல. ஏழு மணிச் சரக்கை ஒன்பதரை மணிக் கோணியில போட்டா நடுவுல காலியாத்தான் தொங்கும். அந்தக் காலி இடம் உங்களுக்கு ரெண்டே முக்கால்ல விழுது.

ஏன் அங்கே விழுதுன்னும் சொல்றேன். தூக்கத்தை ரெண்டு சக்தி சேர்ந்து இழுக்குது. சுவிட்சர்லாந்துல போர்பேலின்னு ஒரு ஆய்வாளர் 1982-ல இதை மாதிரியாப் போட்டுக் காட்டினார், இன்னிக்கும் எங்க பாடம் அங்கிருந்துதான் தொடங்கும். ஒண்ணு, தூக்கப் பசி. முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒண்ணு சேர்ந்துட்டே போகும், அதுதான் கண்ணை இழுக்கறது. காபி செய்யறது, அந்த அடினோசின் உட்கார வேண்டிய நாற்காலியில தான் ஏறி உட்கார்ந்துக்கறது. பசி போகலை, தெரியாம மறைஞ்சிருக்கு. குடிச்ச காபியில பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். அப்ப உங்க அஞ்சரை மணி டிகாஷன்ல பாதி பத்தரைக்கும் உள்ளே இருக்கு.

ரெண்டாவது, உடம்புக் கடிகாரம். கண் நரம்பு ரெண்டும் குறுக்கே போற இடத்துக்கு மேல, மூளைக்கு அடியில சுமார் 20,000 செல் சேர்ந்த ஒரு சின்னக் கொத்து. வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைக்கும். செல்லுக்குள்ள அது எப்படி ஓடுதுன்னு பழ ஈயை வச்சுக் கண்டுபிடிச்ச மூணு பேருக்குத்தான் 2017 நோபல். இந்தக் கடிகாரம் நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு 24 மணிக்குக் கொஞ்சம் மேல ஓடும். அதனால பின்னாடி தள்றது சுலபம், முன்னாடி இழுக்கறது கஷ்டம். நீங்க ஞாயித்துக்கிழமை 10 மணிக்கு எழுந்தீங்கன்னா ஞாயிறு ராத்திரி தூக்கம் வராததுக்கு வேற காரணம் தேட வேண்டாம்.

இப்ப ரெண்டே முக்காலுக்கு வாங்க. ஆழ்ந்த தூக்கத்துல பெரும்பங்கு ராத்திரியோட முன்பாதியிலயே முடிஞ்சுடும். பின்பாதியில கனவுத் தூக்கமும் லேசான தூக்கமும்தான் அதிகம். 9 மணிக்குப் படுத்தவருக்கு 3 மணிக்குள்ள பசி பெரும்பாலும் தீர்ந்துடும். கிட்டத்தட்ட 90 நிமிஷத்துக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு சுற்று முடிவிலயும் எல்லாருமே லேசா மேலே வந்துட்டுப் போவோம். தலையணையைத் திருப்பிப் போடுவோம், போர்வையை இழுத்துக்குவோம், காலையில ஞாபகம் இருக்காது. உங்களுக்கு அந்த நேரத்துல 'ஐயோ, முழிச்சுட்டேன்'னு ஒரு பதற்றம் சேர்ந்துக்குது. பதற்றம் வந்தா மனுஷன் தூங்க முடியாது. புலி வந்தா முழிச்சிருக்கணும்ல, அதே ஏற்பாடுதான்.

மூளைக்கு இப்ப மூணு மாசமா ஒரு பாடம் ஓடுது: கட்டில்னா கவலைப்படற இடம். அதை மாத்தணும். வழியை நாளைக்கு எழுதறேன், ஒரு பேஷண்ட்டுக்கு முகத்துல வயர் கழண்டுடுச்சு.

#7 | தமிழ்வாத்தியார் | ஆகஸ்ட் 12, காலை 6:10

ஓய்வு பெற்ற ஆசிரியன். 71 வயது. நாங்களெல்லாம் எட்டு மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்தவர்கள். யாரும் தூக்கத்தைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது தூங்குவதற்கும் ஒரு கடிகாரம், ஒரு பரிசோதனை, ஒரு நோபல் பரிசு. போனைத் தூக்கி எறியுங்கள், தானாகத் தூக்கம் வரும்.

#8 | உப்பளக்காற்று | ஆகஸ்ட் 12, பகல் 1:30

நான் தூத்துக்குடி. கோழித் தூக்கம் எல்லாம் இல்லை, எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தூக்கம் அதிகம். அதுதான் பயமா இருக்கு. ஹார்பருக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுதாவ. குறட்டை தெருமுக்கு வரைக்கும் கேக்கும், பிள்ளைக பக்கத்து ரூம்ல படுக்குதுக. அது பழகிட்டு. ஆனா நடுவுல சத்தமே நின்னுடும். நான் முழிச்சுக் கெடந்து எண்ணுவேன், ஒண்ணு ரெண்டு மூணு... இருபத்தஞ்சு வரைக்கும் போயிருக்கு. அப்புறம் முங்கி எழுந்த மாதிரி ஒரு இழுப்பு. காலையில தலைவலி. போன மாசம் டோல்கேட் வரிசையில நின்ன இடத்துலயே தூங்கிட்டாவ, பின்னாடி வண்டி ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சாவ. எட்டு மணி நேரம் தூங்குதாவளே, என்ன குறைன்னு மாமியா கேக்குறா.

#9 | வயர்_ஒட்டுபவன் | ஆகஸ்ட் 12, பகல் 2:05

கணக்கன் சார், மன்னிக்கணும், அக்காவுக்கு முதல்ல.

அக்கா, இது தள்ளிப்போடற விஷயம் இல்லை. தூங்கறப்ப தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழல் அடைச்சுக்குது. ஆக்சிஜன் இறங்குது, மூளை பயந்து ஒரு நொடி எழுப்புது, மூச்சு வருது, திரும்பவும் அடைக்குது. எங்க கணக்குல பத்து விநாடிக்கு மேல நின்னா ஒரு தடவைன்னு எண்ணுவோம். ஒரு மணி நேரத்துக்கு 5 தடவைக்குக் கீழே சாதாரணம், 15-க்கு மேல நடுத்தரம், 30-க்கு மேல கடுமை. நீங்க ஒரே தடவை நின்னதுக்கே 25 வரைக்கும் எண்ணியிருக்கீங்க. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அவர் ஒரு ராத்திரிகூட ஒழுங்காத் தூங்கலைன்னு வச்சுக்கோங்க.

டொரண்டோவுல 2008-ல மயக்க மருந்து டாக்டர்கள் எட்டுக் கேள்வி போட்டு ஒரு பட்டியல் வச்சாங்க, உலகம் முழுக்க அதைத்தான் கேட்கறோம். சத்தமான குறட்டை, பகல் அசதி, மூச்சு நிக்கறதை யாராவது பார்த்தது, பிரஷர், உடம்பு எடை, 50 வயசுக்கு மேல, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல, ஆண். சட்டைக் காலர் அளவு பார்த்தாலே கழுத்து தெரிஞ்சுடும். நுரையீரல் டாக்டர் இல்லேன்னா காது மூக்கு தொண்டை டாக்டர் கிட்ட போங்க, வீட்லயே மாட்டிட்டுப் படுக்கற டெஸ்ட்டும் இருக்கு. அதுவரைக்கும் சாயங்காலம் சரக்கு வேண்டாம், அது தொண்டையை இன்னும் தளர்த்தும். மல்லாந்து படுக்க வேண்டாம். தூக்க மாத்திரை கண்டிப்பா வேண்டாம். விடியக்காலை 3 முதல் 5 வரை வண்டி ஓட்டறதை எப்படியாவது தவிர்க்கச் சொல்லுங்க.

ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போறாரா? சுகர்னு நினைச்சு டெஸ்ட் எடுத்துட்டே இருப்பாங்க. மூச்சுத் திணறல் நெஞ்சை அழுத்தி, அதனால சிறுநீர் கூடறதும் உண்டு.

#10 | உப்பளக்காற்று | ஆகஸ்ட் 12, பகல் 2:20

மூணு தடவை போவாவ. சுகர் இல்லைன்னு ரெண்டு தடவை டெஸ்ட் எடுத்தாச்சு. காலர் 42.

#11 | வயர்_ஒட்டுபவன் | ஆகஸ்ட் 12, பகல் 2:22

இந்த வாரமே போங்க.

#12 | கரூர்க்கணக்கன் | ஆகஸ்ட் 12, இரவு 10:30

அக்கா, முதல்ல அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. என்னுது காத்திருக்கும்.

9 மணிக்குப் படுக்கலை இன்னிக்கு. ஹால்ல உட்கார்ந்திருக்கேன். 6 மணி 55 நிமிஷம்ங்கறது மண்டையில சுத்திட்டே இருக்கு. பதினஞ்சு வருஷமா மத்தவங்க கணக்கைச் சரி பார்க்கறவன், இதைக் கூட்டிப் பார்க்கலையே.

#13 | வயர்_ஒட்டுபவன் | ஆகஸ்ட் 13, பகல் 11:15

வழி சொல்றேன்னு சொன்னேன். இது நான் கண்டுபிடிச்சதில்லை. அமெரிக்காவுல பூட்ஸின் 1972-ல ஒரு பாதியைச் சொன்னார், ஸ்பீல்மன் 1987-ல இன்னொரு பாதியை. ரெண்டும் சேர்ந்த பேச்சுமுறைச் சிகிச்சையைத்தான் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையா வைக்கணும், மாத்திரை அதுக்கப்புறம்தான்னு அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-ல வழிகாட்டுதல் போட்டுச்சு. நாள்பட்டதுன்னா வாரத்துக்கு மூணு ராத்திரி, மூணு மாசம். உங்களுக்குக் கணக்கு சரியா வருது.

பத்து நாள் ஒரு நோட்டுல எழுதுங்க. எப்ப படுத்தேன், குத்துமதிப்பா எவ்வளவு தூங்கினேன், எப்ப எழுந்தேன். ராத்திரி கடிகாரம் பார்க்காதீங்க, காலையில ஞாபகத்துல இருந்து எழுதுங்க. அந்த வாட்சைக் கழட்டி அலமாரியில வைங்க. கை அசைவையும் நாடித் துடிப்பையும் வச்சு அது ஊகிக்குது. முழிப்பா தூக்கமாங்கறது ஓரளவு சரியா வரும், ஆழமா லேசாங்கறதுல ரொம்பத் தப்பு பண்ணும். நாங்க தலை, கண்ணோரம், தாடை, கால்னு வயர் ஒட்டி, முப்பது விநாடிக்கு ஒரு பக்கமா, எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கம் புரட்டித்தான் அதைச் சொல்றோம்.

பத்து நாள் சராசரி எவ்வளவு வருதோ, அதோட ஒரு கால் மணி சேர்த்து அவ்வளவு நேரம் மட்டும் கட்டில். என்ன ஆனாலும் அஞ்சரை மணிக்குக் கீழே போகாதீங்க. எழுந்திரிக்கற நேரத்தை ஆணி அடிச்சுடுங்க, ஞாயித்துக்கிழமை, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும். படுத்து ஒரு இருபது நிமிஷம் ஆன மாதிரித் தோணுச்சுன்னா எழுந்து வேற இடத்துக்குப் போங்க. மங்கலான லைட், சலிப்பான வேலை. கண் சொக்கினதும் திரும்ப வாங்க. எழுந்ததும் வெளியே வெளிச்சத்துல பத்து இருபது நிமிஷம். படுத்திருந்த நேரத்துல நூத்துக்கு 85 பங்குக்கு மேல தூங்கற அளவு வந்ததும் வாரத்துக்குப் பதினஞ்சு நிமிஷம் கூட்டிட்டே போங்க.

முதல் ரெண்டு வாரம் நரகம், மறைக்க மாட்டேன். பைக் எடுக்கறதைக் குறைங்க. வலிப்பு உள்ளவங்க, பைபோலார் (மனநிலை ரொம்ப ஏறி இறங்கற நோய்) உள்ளவங்க, உப்பளக்காற்று அக்கா வீட்டுக்காரர் மாதிரி மூச்சுத்தடை உள்ளவங்க, ராத்திரி வண்டி ஓட்டறவங்க இதைத் தானா செய்யவே கூடாது.

வாத்தியார் ஐயாவுக்கு: நீங்க நாலு மணிக்கு எழுந்ததுதான் ஐயா மருந்து. எட்டு மணிக்குப் படுத்தது இல்லை.

#14 | ஒத்தரூம் | ஆகஸ்ட் 13, இரவு 9:50

நல்லா இருக்கு. வேற இடத்துக்குப் போங்க. எங்கே போறது? எங்க வீடு ஒரே ரூம், அஞ்சு பேர். நான் எழுந்தா நாலு பேரைத் தாண்டணும், லைட் போட்டா எல்லாரும் எழுந்திருப்பாங்க. கொசு, புழுக்கம், பக்கத்து வீட்டு டிவி, ரெண்டு மணிக்குத் தண்ணி லாரி. உங்க ஆலோசனையில பாதி தனி பெட்ரூம் உள்ளவங்களுக்கு எழுதினது.

#15 | வயர்_ஒட்டுபவன் | ஆகஸ்ட் 14, அதிகாலை 4:40

உண்மை. இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை.

ஆனா நீங்க சொல்றதை அளந்தே பார்த்திருக்காங்க, அதுவும் நம்ம சென்னையில. பொருளாதார ஆய்வாளர்கள் குறைஞ்ச வருமானக்காரங்க 452 பேருக்கு டைப்படிக்கற வேலை கொடுத்து, கையில அசைவு அளக்கற கருவி கட்டிப் பார்த்தாங்க. 2021-ல வெளிவந்துச்சு. எட்டு மணி நேரம் படுத்திருக்காங்க, தூங்கினது அஞ்சரை மணி. மெத்தை, கண்ணுக்குப் பட்டை, காதுக்கு அடைப்பான், ஆலோசனை எல்லாம் கொடுத்தும் கூடினது ராத்திரிக்கு 27 நிமிஷம். அதனால வேலையிலயோ ஞாபகத்துலயோ சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் மாறலை. துண்டு துண்டான தூக்கத்தோட துண்டைக் கொஞ்சம் நீட்டினா அவ்வளவுதான் போல. ஆனா மதியம் வேலை செய்யற இடத்துலயே அமைதியா அரைமணி நேரம் தூங்க விட்டப்ப வேலையும் கூடுச்சு, மனசும் தெளிஞ்சுது.

அதனால உங்களுக்கும் கணக்கன் சாருக்கும் எதிரெதிர் ஆலோசனை. அவருக்குப் பசியே இல்லாம இலை போட்டு உட்கார்ற வியாதி, பகல் தூக்கம் சாயங்கால வடை மாதிரி ராத்திரிச் சாப்பாட்டைக் கெடுக்கும். உங்களுக்குச் சாப்பாடே போதலை. கிடைக்கற இடத்துல, மதியம் 3 மணிக்கு முன்னாடி, அரைமணி தூங்குங்க. குற்ற உணர்ச்சி வேண்டாம். எழுந்து போக இடம் இல்லேன்னா படுத்த இடத்துலயே எழுந்து சுவர்ல சாய்ஞ்சு உட்காருங்க, அதுவே போதும்.

#16 | ஒத்தரூம் | ஆகஸ்ட் 14, காலை 8:00

கம்பெனில மதியம் தலை சாய்ச்சா சூப்பர்வைசர் போட்டோ எடுத்து குரூப்ல போடறான். அந்த ஆய்வை அவனுக்கு அனுப்பறேன்.

#17 | யாழ்ப்பாணத்துப்_பனை | ஆகஸ்ட் 14, இரவு 10:12

கனடாவில இருந்து எழுதிறன். எனக்கு நித்திரை வாறது பிரச்சினை இல்லை, நித்திரையிலயிருந்து வெளிய வாறதுதான். விடியப்புறம் கண் முழிச்சிடும், கை கால் அசைக்கேலாது, நெஞ்சில ஆரோ ஏறிக் குந்தியிருக்கிற மாதிரி. கத்தினாலும் சத்தம் வராது. அம்மம்மா இதை அமுக்குவான் எண்டுதான் சொல்லுவா, தலைமாட்டில கத்தி வைக்கச் சொல்லுவா. இஞ்ச கத்தி வைச்சா மனுசி பயப்பிடுறா.

#18 | வயர்_ஒட்டுபவன் | ஆகஸ்ட் 14, இரவு 11:30

எங்க பக்கமும் அமுக்குவான் பேய்தான். கனவு காணும்போது உடம்பு தன் தசையையெல்லாம் பூட்டி வச்சுடும், இல்லேன்னா கனவுல ஓடறவன் கட்டில்லயும் ஓடுவான். கனவுத் தூக்கம்னு தனியா ஒண்ணு இருக்குன்னு 1953-லதான் சிகாகோவுல அசெரின்ஸ்கி, கிளைட்மன் ரெண்டு பேரும் எழுதினாங்க. உங்களுக்கு மூளை முழிச்சுடுது, பூட்டு திறக்க ஒரு நிமிஷம் தாமதம். பாதிக் கனவு கண்ணு முன்னாடி மிச்சம் இருக்கு, அதான் உருவம் தெரியுது. ஆபத்து இல்லை. தூக்கம் கெட்ட வாரத்துலயும் மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரும். ஒருக்களிச்சுப் படுங்க. அடுத்த தடவை கத்த முயற்சி பண்ணாம ஒரே ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்க. பகல்ல சிரிக்கறப்ப திடீர்னு முழங்கால் மடங்குதுன்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அது வேற நோய்.

#19 | அரைமாத்திரை | ஆகஸ்ட் 16, அதிகாலை 1:15

ஆறு வருஷமா அல்பிரசோலம், பதற்றத்துக்குக் கொடுக்கற மாத்திரை. அரைன்னு தொடங்கி இப்ப ஒண்ணரை. டாக்டர் எழுதினது ஒரு மாசத்துக்குத்தான், அப்புறம் தெரிஞ்ச மெடிக்கல்ல வாங்கிட்டே இருந்தேன். இந்த இழையைப் படிச்சுட்டு நேத்து எடுக்கலை. கை நடுங்குது, வியர்க்குது, ஒரு நிமிஷம் தூங்கலை.

#20 | நடுவர் | ஆகஸ்ட் 16, காலை 6:30

@அரைமாத்திரை, இப்பவே உங்க டாக்டரைக் கூப்பிடுங்க. பல வருஷம் எடுத்ததைச் சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம். மத்தவங்களுக்கு: மாத்திரை அளவை இங்கே யாரும் பரிந்துரைக்க வேண்டாம், அப்படி எழுதினா நீக்குவோம்.

#21 | வயர்_ஒட்டுபவன் | ஆகஸ்ட் 16, காலை 6:55

நடுவர் சொன்னதேதான். நிறுத்தலாம், ஆனா டாக்டர் மேற்பார்வையில, வாரக்கணக்குல, மாசக்கணக்குல இம்மி இம்மியா. நேத்து ராத்திரி வந்த நடுக்கம் 'எனக்கு மாத்திரை இல்லாம தூக்கமே கிடையாது'ங்கறதுக்கு ஆதாரம் இல்லை. அது மாத்திரை விலகறப்ப வர்ற எதிர்வினை. அல்பிரசோலம் 2014-ல இருந்து எச்1ங்கற கட்டுப்பாட்டு மருந்து அட்டவணையில இருக்கு. மெடிக்கல்காரர் சீட்டு பார்த்து, தனி நோட்டுல உங்க பேரையும் டாக்டர் பேரையும் எழுதித்தான் கொடுக்கணும். தெரிஞ்சவர்னு கொடுத்தவர் உங்களுக்கு உதவி செய்யலை.

#22 | அரைமாத்திரை | ஆகஸ்ட் 16, மாலை 6:10

போய்ட்டு வந்தேன். திட்டலை. எட்டு மாசத் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கார். நன்றி.

#23 | மொட்டைமாடி | ஆகஸ்ட் 20, இரவு 9:15

நடுவுல ஒண்ணு. ராத்திரி படுத்தா கெண்டைக்காலுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி, ஆட்டிட்டே இருந்தாத்தான் அடங்கும். ஒரு வருஷமா நரம்புத் தளர்ச்சின்னு சத்து மாத்திரை சாப்பிட்டேன். இங்கே தனிச்செய்தியில கேட்டப்ப பெரிட்டின் டெஸ்ட் (உடம்புல இரும்புச் சேமிப்பைப் பார்க்கறது) எடுத்துட்டு டாக்டரைப் பாருங்கன்னார் வயர் அண்ணன். ஹீமோகுளோபின் சரியாத்தான் இருந்துச்சு, இரும்புச் சேமிப்பு அடிமட்டத்துல இருந்துச்சு. இப்ப இரும்பு மாத்திரை. சாப்பிட்ட கையோட டீ குடிக்கறதை விட்டுட்டேன்.

#24 | கரூர்க்கணக்கன் | செப்டம்பர் 3, இரவு 11:10

நோட்டு முடிஞ்சு, சராசரி 6 மணி 10 நிமிஷம். பதினொன்றரைக்குப் படுத்து ஆறுக்குள்ள எழுந்திரிக்கணும், பதினஞ்சு நிமிஷத்துக்குப் பதிலா இருபது சேர்த்துக்கிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

நரகம்னு சொன்னீங்களே, கம்மியாச் சொல்லிட்டீங்க. முதல் வாரம் பத்து மணிக்கே கண் மூடும், பொண்டாட்டியும் பையனும் படுத்துடுவாங்க, நான் ஹால்ல நின்னுட்டே துணி மடிப்பேன். உட்கார்ந்தா போச்சு. எங்க வீட்ல பீரோ இவ்வளவு அடுக்கா இருந்ததே இல்லை. நாலாம் நாள் ரெண்டே முக்காலுக்கு முழிப்பு வந்துச்சு, எழுந்து திண்ணையில போய் உட்கார்ந்தேன். தெரு நாய் ஒண்ணு வந்து பார்த்துட்டு, 'இவனுக்கு என்ன ஆச்சு'ன்னு ஒரு பார்வை விட்டுட்டுப் போச்சு. அன்னிக்கு அப்பாவை நினைச்சு அழுதேன். கட்டில்ல அழாம வெளியே அழுதது நல்லாத்தான் இருந்துச்சு.

ஒன்பதாம் நாள் முழிக்கவே இல்லை. அலாரம் அடிச்சப்ப எந்த ஊர்ல இருக்கோம்னு ஒரு நொடி தெரியலை. அப்புறம் ரெண்டு நாள் பழையபடி. இந்த வாரத்துல நாலு நாள் நல்லாருந்துச்சு.

#25 | தமிழ்வாத்தியார் | செப்டம்பர் 4, காலை 5:30

எட்டு மணிக்குப் படுத்தது மருந்தில்லை என்று தம்பி எழுதியதை யோசித்தேன். இப்போது எனக்கு இரண்டு மணிக்கே விழிப்பு வருகிறது என்பதை முன்பு எழுதவில்லை. ஒன்பதரைக்குப் படுத்துப் பார்க்கிறேன். போனைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

#26 | ஓஎம்ஆர்_ஆந்தை | செப்டம்பர் 4, காலை 8:20

எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. காலையில ஏழு மணி வெயில்ல கேப்ல வீட்டுக்கு வந்து படுத்தா பன்னெண்டுக்கு முழிப்பு.

#27 | வயர்_ஒட்டுபவன் | செப்டம்பர் 4, காலை 9:00

நானும் உங்க கட்சிதான், ராத்திரி டியூட்டி. நான் செய்யறது: காலையில வண்டியில கறுப்புக் கண்ணாடி, நேரா வீடு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வெந்நீர்ல ஒரு குளியல். வெந்நீர் எதுக்குன்னா, கை கால் தோல் சூடாகி உள்சூடு வெளியே போகும், உடம்பு உள்ளே குளிர்ந்தாத்தான் தூக்கம் பிடிக்கும். பால்காரன், கூரியர், காலிங் பெல்லுக்கு ஸ்விட்ச் ஆஃப். காபி நடு ராத்திரிக்கு முன்னாடி மட்டும். ஷிப்ட் மாத்தறப்ப காலை, மாலை, இரவுன்னு முன்னோக்கிப் போற வரிசையாக் கேளுங்க. இவ்வளவும் செஞ்சும் அது பகல் தூக்கம்தான். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பு 2007-லயே இரவு ஷிப்டைச் சந்தேகப் பட்டியல்ல வச்சுடுச்சு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் பகலுக்கு மாறிடுவேன்.

#28 | உப்பளக்காற்று | அக்டோபர் 9, இரவு 10:45

சொல்ல வந்தேன். டெஸ்ட்ல மணிக்கு 41. டாக்டர் பேப்பரைப் பார்த்துட்டு 'லாரியா ஓட்டுதீங்க?'ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. காத்து அடிக்கிற மெஷின், ரெண்டு மாசம் வாடகைக்கு எடுத்திருக்கோம், ஒத்துக்கிட்டா வாங்கிக்கிடலாம்னு. மூக்குல மாட்டினதும் சின்னவன் பிள்ளையாரப்பான்னு கும்பிட்டான். இவுக ரெண்டு நாள் கழட்டி எறிஞ்சாவ. மூணாம் நாள்தான் விடியக்காலை வரைக்கும் வச்சிருந்தாவ.

அன்னிக்குத் தூங்காதது நான். சத்தமே இல்லை. பதினெட்டு வருஷமா கேட்ட குறட்டை இல்லாம, ஏதோ ஆகிட்டோன்னு எழுந்து மூக்குக்கிட்ட கை வச்சுப் பார்த்தேன். மெஷின் காத்துதான் கையில பட்டுச்சு.

இப்ப ராத்திரி ஒண்ணுக்குப் போறதில்லை. பகல் ட்ரிப் மட்டும் எடுக்காவ.

#29 | வயர்_ஒட்டுபவன் | அக்டோபர் 9, இரவு 11:20

அக்கா, மனசு நிறைஞ்சுது. அந்த மெஷினை 1980 வாக்குல சிட்னியில சல்லிவன்னு ஒரு டாக்டர், தூசி உறிஞ்சற மெஷின் மோட்டாரை வச்சுத்தான் முதல்ல செஞ்சார். இப்ப எவ்வளவோ சத்தம் குறைஞ்சிருக்கு. மாஸ்க்கைத் தினம் கழுவுங்க. மூக்கு வறண்டா கழட்டிப் போட்டுடாம, தண்ணிக் கிண்ணம் வைக்கற வசதி இருக்கான்னு கேளுங்க.

#30 | கரூர்க்கணக்கன் | டிசம்பர் 6, இரவு 10:50

கடைசிக் கணக்கு. இப்ப பத்தே முக்காலுக்குப் படுக்கறேன், ஆறுக்கு எழுந்திரிக்கறேன். காபி ரெண்டு மணியோட சரி, அது மட்டும் இன்னும் கசக்குது. வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டே முக்கால் வந்து எட்டிப் பார்க்குது. 'வாய்யா'ன்னுட்டு திரும்பிப் படுத்துக்கறேன், பாதி நாள் அதுவே போயிடுது, மீதி நாள் திண்ணை. வாட்சைப் பையன் கட்டிட்டு ஸ்கூலுக்குப் போறான்.

ஒரே ஒரு சந்தேகம். இன்னும் பத்து நாள்ல மார்கழி. எங்க தெருக் கோயில் குழாய் ஸ்பீக்கர் நேரா எங்க ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருக்காங்க, நாலரைக்கு ஆரம்பிச்சுடும். கமிட்டில எங்க மாமனார்தான் பொருளாளர்.

#31 | ஒத்தரூம் | டிசம்பர் 6, இரவு 11:05

காதுக்குப் பஞ்சு. மாமனாருக்கு ஒண்ணும் பண்ண முடியாது.